மாஸ்டர் நிற்கும் சிக்னல்

மனைவியின் கடிகாரம் மாஸ்டருடைய மணிக்கட்டுக்குச் சின்னது. பட்டையைக் கடைசி ஓட்டையில் மாட்டினாலும் சதையைக் கவ்விக்கொள்ளும். கழற்றினால் சிவப்பாக ஒரு தடம் தெரியும். அதை முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொள்வார். அந்த வீட்டில் மறைக்க வேண்டியவை ஏற்கெனவே தேவைக்கு மேல் இருந்தன, அதோடு இதுவும் ஒன்று.

"கிளம்புங்க, விடிஞ்சிருச்சு. மெதுவா போங்க, நான் ஒண்ணும் அவ்வளவு வேகமா ஓடுறவ இல்ல" என்று கட்டிலில் படுத்தபடியே மனைவி சொன்னாள்.

இந்த அறிவுரைக்கு அவசியமே இல்லை. அவள் மெதுவாக ஓடுகிற வேகம் மாஸ்டருக்குத் தலைதெறிக்க ஓடுகிற வேகம். ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் அவர் எதற்காகவும் ஓடியதில்லை. பஸ் போய்விட்டால் அடுத்த பஸ் வரும் என்று நிற்கிற ரகம். அவருக்குத் தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பழகுகிறவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக இருக்கும் பிரேக்கின் மேல் வலது பாதத்தை வைத்தபடி காலம் முழுக்க ஊரைச் சுற்றியவர். அந்தக் காலுக்கு மிதிக்கத்தான் தெரியும். பழகிவிட்டுப் போனவர்கள் எல்லாரும் அவரை பிரேக் மாஸ்டர் என்பார்கள். போகப் போக பிரேக் உதிர்ந்து மாஸ்டர் மட்டும் மிஞ்சியது.

ஓடவேண்டி வந்த கதை இதுதான். மாஸ்டரின் ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குத் தன் பெயரையும் அம்மா பெயரையும் சேர்த்துப் பதிந்தவள் அவள்தான். "கடைல நின்னு நின்னு கால் மரத்துப் போச்சுங்கிறியே, வா ஓடலாம்" என்று இழுத்தாள். அம்மா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். முதலில் மூக்கால் அழுதுகொண்டு ஓடினாள், பிறகு ருசி கண்டுவிட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு கடிகாரம் கட்டிக்கொண்டு, ஒருத்தி ஓடுவதை இன்னொருத்தி போனில் பார்த்துக் கேலி செய்துகொண்டு திரிந்தார்கள். ஓடுபவர் எந்தத் தெருவில் போகிறார், எங்கே நிற்கிறார் என்பதெல்லாம் பார்ப்பவரின் போனில் ஒரு நீலப் புள்ளியாக நகரும்.

பிறகு மகள் உண்டானாள். ஏற்கெனவே இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. இந்த முறை டாக்டர் அவளைப் படுக்கையிலேயே கிடத்திவிட்டார். எழுந்து நடமாடக் கூடாது, பதறக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறக் கூடாது. "எனக்கும் சேர்த்து நீ ஓடும்மா. நான் படுத்துக்கிட்டே அந்தப் புள்ளியப் பாத்துட்டிருக்கேன். எனக்கு வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு?" என்றாள்.

அடுத்த மாதமே அம்மாவின் மார்பில் கட்டி தெரிந்தது. சோதனை முடிவு வந்த அன்று அவள் மாஸ்டரிடம் அழவில்லை. மருந்துகளின் பெயரைப் பார்த்தே அடுத்த ஆறு மாதம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டாள்.

"அவ பிள்ளையப் பெத்து எந்திரிக்கட்டும். அதுவரைக்கும் ஒரு வார்த்தை அவ காதுக்குப் போகக் கூடாது. மாப்பிள்ளைகிட்டயும் சொல்லாதீங்க, அவர் மூஞ்சியே காட்டிக் கொடுத்துரும்."

"சரி. ஓடுறத நிறுத்தினா கேப்பாளே?"

"கேப்பா. கேட்டா எனக்குப் பொய் வராது."

"அப்புறம்?"

அவள் மாஸ்டரின் கால்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தன் கடிகாரத்தைக் கழற்றினாள்.

பொய் வராது என்றவள் போட்ட நாடகத்தைச் சொல்ல வேண்டும். மாஸ்டர் ஓடிவிட்டுத் தொப்பலாக நனைந்து வருவார். அவருடைய வியர்வைத் துண்டை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொள்வாள். தலையில் ஓட்டக்காரர்கள் போடும் தொப்பி. அதற்கு அடியில் முடி கிடையாது. புருவம் உதிர்ந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அவர் கையிலிருந்து சூடு ஆறாத கடிகாரத்தை எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டு மகளை வீடியோவில் கூப்பிடுவாள். "அப்பாடா, உயிரே போச்சுடி இன்னிக்கு!" என்பாள். மாஸ்டருக்கு அந்த வார்த்தையைக் கேட்கவே பிடிக்காது. ஆனால் அவர் அங்கே நிற்கக் கூடாது. மூச்சிரைப்பு மகளுக்குக் கேட்டுவிடும். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் இளைத்துக்கொண்டு நிற்பார்.

முதல் வாரத்தில் ஒருமுறை மாட்டிக்கொள்ளப் பார்த்தார்கள்.

"என்னம்மா, ஒரே நின்னு நின்னு போயிருக்க?" என்று மகள் கேட்டாள்.

"முட்டி வலிடி. வயசாகலையா?"

மகள் போனைக் கிட்டே கொண்டுவந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரிம்மா, பாத்து ஓடு" என்றாள். அதற்கப்புறம் நின்றதைப் பற்றி அவள் கேட்டதே இல்லை.

போனை வைத்ததும் மனைவி மாஸ்டரைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, காலியா கெடக்குற ரோட்டுல எதுக்கு நின்னீங்க?"

"சிவப்பு விழுந்திருந்துச்சு."

"நடந்து போறவங்களுக்கு என்னங்க சிவப்பு? விடியக்காலைல ஒரு ஈ காக்கா இருக்காது அங்க."

"விழுந்தா விழுந்ததுதான்."

இது மாஸ்டரின் பாடங்களில் முதல் பாடம். புதிதாகப் பழக வருகிறவர் யாராவது, "ரோடு காலியாத்தானே சார் இருக்கு?" என்று சிவப்பில் வண்டியை நகர்த்தினால் மாஸ்டரின் கால் தானாகப் போய் பிரேக்கை மிதிக்கும். "காலியா இருக்கா இல்லையான்னு முடிவு பண்ண நீ யாரு?" என்பார். வங்கியில் பெரிய பதவியில் இருப்பவரானாலும் சரி, கல்லூரிப் பெண்ணானாலும் சரி, இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. மகளும் அவரிடம்தான் வண்டி பழகினாள். அவளும் இதைக் கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறாள்.

வாரங்கள் போயின. பூங்காவைச் சுற்றி வந்தவர் பாலம் வரை போனார், பாலத்தைத் தாண்டிக் கிடங்குகள் இருக்கும் சாலை வரை போனார். கால் நகம் ஒன்று கறுத்து விழுந்தது. பயிற்சிக் காரில் ஏறி உட்காரும்போது தொடை பிடித்துக்கொண்டு "ஐயோ" என்பார். பழகுகிறவர் பயந்துபோய் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுவார், வண்டி அணைந்துவிடும். போட்டி நாளுக்குத்தான் ஒரு வழியும் தெரியவில்லை. மனைவியின் எண் எழுதிய அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு எப்படி ஓடுவது? போகும் வழியெல்லாம் போட்டோ எடுப்பார்களே. "தொப்பிய இழுத்து விட்டுக்கங்க, மீசைய எடுத்துருங்க" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது.

இதற்கிடையில் மாஸ்டருக்குள் வேறொரு பைத்தியமும் பிடித்திருந்தது. இன்றைக்குப் பாலம் வரை நடக்காமல் ஓடிவிட்டால் அவளுக்கு இந்த முறை மருந்து கேட்கும் என்று தனக்குத்தானே பந்தயம் கட்டிக்கொள்வார். படித்த மனுஷன் நினைக்கிற நினைப்பா இது என்று வெட்கமாகவும் இருக்கும். ஆனாலும் பாலம் தெரியும்வரை நடக்க மாட்டார்.

நடுவில் நாலு நாள் விடாமல் மழை. முட்டியும் வீங்கியிருந்தது. மாஸ்டர் ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த நாலு நாளும் வீடு நன்றாக இருந்தது. மனைவிக்கு வாய்க்கசப்பு குறைந்து இரண்டு வேளை சாப்பிட்டாள். ஜன்னலோரம் நாற்காலி போட்டு இரண்டு பேரும் சீட்டு விளையாடினார்கள். அவள் கள்ளாட்டம் ஆடி ஜெயித்தாள். மழையினால் ஓடவில்லை என்று மகளுக்கு ஒரு வரி அனுப்பினாள், அதோடு சரி. நாலாம் நாள் மாப்பிள்ளை கூப்பிட்டார். மகளுக்கு அழுத்தம் ஏறிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, காரணம் தெரியவில்லை என்றார். இருவருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் மாஸ்டர் வீங்கிய முட்டியோடு ஓடினார். அன்று மாலையே அழுத்தம் இறங்கிவிட்டது என்று செய்தி வந்தது.

"நல்லவேளை, நம்ம விஷயம் அவளுக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்!" என்றார் மாஸ்டர். மனைவி தலையாட்டினாள்.

போட்டிக்கு முந்தின நீண்ட ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடிகாரம் வேலை செய்ய மனைவியின் போன் உடன் இருக்க வேண்டும். அது மாஸ்டரின் இடுப்புப் பையில் இருக்கும், அவருடைய போன் மனைவியின் தலைமாட்டில் இருக்கும். அவர்கள் வகுத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு: ஓடும்போது போன் அடித்தால் எடுக்கக் கூடாது. மகளாக இருந்து, அப்பாவின் குரலைக் கேட்டுவிட்டால் எல்லாம் போச்சு.

கிடங்குச் சாலையில் திரும்பும்போது இடுப்பில் போன் அடித்தது. மாஸ்டர் எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. மகளுக்கு என்ன அவசரமோ, வீட்டுக்குப் போனதும் அம்மா பேசட்டும் என்று வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். மூன்றாம் முறை அடித்து அடங்கியது. அதற்குப் பிறகு அடிக்கவில்லை. போன் அடிப்பது நின்றதில் அவருக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியைத் தான் அடைந்ததை அவரால் பிற்பாடு மன்னிக்கவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி குளியலறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் மாஸ்டரின் போன் கிடந்தது.

"காய்ச்சல்... கூப்பிட்டேன்" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

இந்த மருந்து ஏறுகிற காலத்தில் காய்ச்சல் வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாஸ்டர் அவளை அள்ளிக்கொண்டு போய்ப் பயிற்சிக் காரில் உட்கார வைத்தார். கூரையில் ஓட்டுநர் பள்ளிப் பலகை மாட்டிய வண்டிக்கு யார் வழிவிடுவார்கள்? கற்றுக்குட்டி என்று நினைத்து எல்லோரும் ஹார்னை அழுத்தியபடி உரசிக்கொண்டு முந்தினார்கள். அப்போதும் ஒவ்வொரு சிவப்புக்கும் மாஸ்டர் நின்றார். பூங்கா சிக்னலில் எதிரிலும் பக்கத்திலும் ஒரு வண்டிகூட இல்லை. பக்கத்து இருக்கையில் அவள் நடுங்குகிற நடுக்கம் ஸ்டீயரிங் வரைக்கும் தெரிந்தது. அவர் நின்றார். வேண்டுமென்று செய்யவில்லை, கால் அதுவாக மிதித்தது. அவள் கண்ணைத் திறந்து சிவப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

அவளை உள்ளே கொண்டுபோன பிறகு, தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் மணிக்கட்டு கடித்தது. குனிந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அந்த நீலப் புள்ளி மகளின் கண் முன்னால் கார் வேகத்தில் வந்து, இந்தக் கட்டடத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பொத்தானை அழுத்தி நிறுத்தினார். இனி அழுத்தி என்ன, அழுத்தாவிட்டால் என்ன?

இடுப்பில் போன் அடித்தது. இந்த முறை எடுத்தார், பேசவில்லை.

"அப்பா" என்றாள் மகள். "அம்மாவுக்கு எப்படி இருக்கு?"

"அது... அம்மாவுக்கு ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு..."

"அப்பா, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஓடுறது நீங்கதான்னு தெரியும். முதல் வாரத்துலயே தெரியும். ஆளில்லாத ரோட்டுல சிவப்பு விளக்குக்கு நிக்கிற ஒரே ஆளு இந்த உலகத்துல நீங்கதான்ப்பா. உங்கள ஓட வெச்சுட்டு அம்மா படுத்திருக்கான்னா அது சின்ன விஷயமா இருக்காதுன்னும் தெரியும். வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தவளுக்குப் புருவத்து மை மட்டும் கலையாம இருக்குமா? தொப்பிய ஒரு நாளாவது கழட்டினாளா?"

மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏம்மா கேக்கல?" என்றார்.

"கேட்டா ரெண்டு பேரும் சேர்ந்து இன்னொரு பொய் சொல்லுவீங்க. அதனால புள்ளிய மட்டும் பாத்துட்டிருந்தேன். நீங்க ஓடினீங்கன்னா அன்னிக்கு அம்மா நல்லா இருக்கான்னு அர்த்தம். முடியாம கிடக்கிறவள விட்டுட்டு ஓடப் போக மாட்டீங்கல்ல? மழைன்னு நாலு நாள் ஓடலையே, அப்ப நான் என்ன நெனச்சேன்னு தெரியுமா?"

அந்த நாலு நாள். ஜன்னலோரம், சீட்டுக்கட்டு, அவளுடைய கள்ளாட்டம். மாஸ்டர் நெற்றியில் அறைந்துகொண்டார். யாருக்குத் தெரியக் கூடாது என்று குடும்பமே கூத்தாடியதோ, அவள் ஒண்டியாக அத்தனையையும் வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்துச் சுமந்துகொண்டு படுத்திருக்கிறாள்.

உள்ளதை எல்லாம் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியக் கூடாதுங்கிற பிடிவாதத்துலதான் அவ எந்திரிச்சு உக்காந்துட்டிருக்கா. இன்னொண்ணு. என்ன நடந்தாலும் எனக்கு உண்மை வேணும். வாயால கேட்டா 'பரவால்லம்மா'ன்னுதான் சொல்லுவீங்க. உங்க கால் இதுவரைக்கும் என்கிட்ட பொய் சொன்னதில்ல. அதனால தினமும் காலைல ஓடுங்க. அம்மா தேவலைன்னா பூங்கா சிக்னல்ல நில்லுங்க, பச்சையா இருந்தாலும் நில்லுங்க. சரியில்லேன்னா நிக்காதீங்க."

"உனக்கு அழுத்தம் ஏறும்மா."

"தெரியாம இருந்தாத்தான்ப்பா ஏறுது."

அடுத்த இரண்டு நாள் காய்ச்சல் இறங்கியது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடியே மனைவி அதிகாரம் செய்தாள். "வீடியோல வராததுக்கு போன் டவர் கிடைக்கலன்னு அவகிட்ட சொல்லிக்கலாம். நீங்க போய் ஓடிட்டு வாங்க, ஒரு நாள் விட்டாலும் சந்தேகப்படுவா." மாஸ்டர் ஓடினார். முதல் நாள் பூங்கா சிக்னல் பச்சையாக இருந்தது. பச்சையில் நிற்பது எப்படி என்றே அவருக்குத் தெரியவில்லை. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டி, அது சிவப்பாகி மறுபடி பச்சையாகும்வரை நின்றார். சிரிப்பும் அழுகையுமாக வந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் விடிவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரலுக்குச் சளி இறங்கிவிட்டது, வேறு வார்டுக்கு மாற்றுகிறோம் என்றார் டாக்டர். பார்க்கலாம் என்றார். நல்லபடியாக ஆகும் என்று சொல்லவில்லை. மூக்கில் குழாய் மாட்டிய நிலையில் மனைவி கையை நீட்டி, மாஸ்டரின் மணிக்கட்டைத் தடவினாள். கடிகாரம் இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

"போங்க. பாத்துட்டிருப்பா."

"உன்ன விட்டுட்டு எப்படிடி?"

"எனக்காகப் போங்க."

போனார். ஆஸ்பத்திரியிலிருந்து பூங்கா சிக்னல் ஒரு ஓட்ட தூரம்தான். பச்சையாக இருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே ஓடினார். பச்சையில் தாண்டிப் போவது யாருக்கும் முடியும். நின்றுவிடவும் தோன்றியது. நின்றால் மகள் இன்றைக்கு நிம்மதியாக இருப்பாள், பிள்ளை பிழைக்கும், நாளைக்கு நாளைப் பாட்டைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் காலும் பொய் சொல்லிவிட்டால் அப்புறம் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

திருப்பத்தைக் கடந்ததும் விளக்கு தெரிந்தது. சிவப்பு. சாலையில் ஒரு ஈ காக்கா இல்லை. வலது கால் வழக்கம்போல் கனக்க ஆரம்பித்தது. வெள்ளைக் கோடு நெருங்க நெருங்கக் கல்லைக் கட்டியது மாதிரி ஆனது. மனைவி நடுங்கிக்கொண்டிருந்தபோதுகூட நின்ற கால் அது. மாஸ்டர் வாய்விட்டு, "போ" என்றார். யாரையோ திட்டுவது போல இன்னும் சத்தமாக, "போடா!" என்றார். கோட்டைத் தாண்டினார். நடுச்சாலையைத் தாண்டினார். அந்தப் பக்கத்து நடைபாதையில் ஏறியபோது கண்ணீரில் வழி தெரியவில்லை. ஆனாலும் ஓடினார்.

இடுப்பில் போன் அடித்தது. ஓடிக்கொண்டே எடுத்தார்.

மகள் கேட்டாள்: "சிவப்பா இருந்துச்சாப்பா?"

"சிவப்புதாம்மா."

அவள் அழவில்லை. அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த அதே நிதானத்தில் சொன்னாள்.

"சரிப்பா. இப்ப நில்லுங்க. நின்னு சொல்லுங்க."

மாஸ்டர் நின்றார்.